பத்தரை மணிக் காட்சி

சம்பத் சினிமாவுக்குப் போவது தூங்குவதற்காக. இந்த விஷயம் வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் யாருக்கும் தெரியாது.

அவருக்குக் கேளம்பாக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் ஜெனரேட்டர் அறையில் நிரந்தர இரவு வேலை. காலை ஏழு மணிக்கு ஷிப்ட் முடியும். கம்பெனி வேன் வண்டலூர் வழியாக ஊரெல்லாம் ஆள் இறக்கிக்கொண்டு வந்து தாம்பரத்தில் விடும்போது எட்டே கால். அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து மாடம்பாக்கம் வந்து, குளித்து, நாலு இட்லியைச் சாப்பிட்டுப் படுக்கும்போது ஒன்பது. சரியாக ஒன்பது மணிக்குத்தான் பக்கத்து மனையில் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் கல் அறுக்கும் மிஷினைப் போடுவார்கள். அது நின்றால் தண்ணீர் லாரி. லாரி போனால் ஏர்ஃபோர்ஸின் பயிற்சி விமானம் ஒன்று, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவது போல, வீட்டுக்கு மேலேயே வட்டமடிக்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு நாள் தாங்கமாட்டாமல் எழுந்து போய், தாம்பரம் மேற்கில் ஒரு தியேட்டரில் பத்தரை மணிக் காட்சிக்கு டிக்கெட் எடுத்தார். கடைசி வரிசை. ஏ.சி. இருட்டு. ஒன்றேகாலுக்கு விளக்குப் போட்டபோது, பத்து வருடமாகத் தூங்காத தூக்கத்தைத் தூங்கியிருந்தார். அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள், சில வாரம் நாலு நாள்.

மனைவி ஜோதிலட்சுமியிடம் இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வீடு அவள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த வீடு. அதில் தனக்குத் தூக்கம் வரவில்லை என்று எந்த வாயால் சொல்வது? அவள் அவருக்குச் சினிமாப் பைத்தியம் பிடித்துவிட்டதாக நினைத்தாள்.

"ஐம்பது வயசு ஆவப்போவுது. வாரத்துக்கு மூணு சினிமா. காலேஜ் பையன்கூட இப்படிப் போக மாட்டான்" என்பாள்.

"சும்மா ஒரு பொழுதுபோக்கு, ஜோதி."

"பொழுது போகுதா உங்களுக்கு? கண்ணப் பாருங்க, செக்கச்செவேல்னு."

கம்பெனியிலோ அவருக்குச் சினிமா நிபுணர் என்று பெயர். வெள்ளிக்கிழமை வந்தால் ஏ.சி. பிளான்ட் முதாசிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். "அண்ணா, புதுப் படம் எப்டி? ஃபேமிலியோட போலாமா?" சம்பத் கொஞ்சம் யோசிப்பது போல யோசித்து, "முதல் பாதி பரவாயில்லப்பா, ரெண்டாம் பாதிதான் கொஞ்சம் இழுவை" என்பார். இரண்டு வருடத்தில் இந்தக் கருத்து ஒரு படத்துக்கும் பொருந்தாமல் போனதில்லை. "எப்டிண்ணா இவ்ளோ கரெக்டா சொல்ற?" என்று முதாசிர் வியப்பான்.

இசையைப் பற்றி மட்டும் அவர் சொந்தமாகவே கருத்து வைத்திருந்தார். எந்த இசையமைப்பாளர் தூங்க விடுவார், எவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மண்டையில் அடித்து எழுப்புவார் என்பது அவருக்கு அத்துப்படி. ஒரு படம் நல்ல படமா இல்லையா என்பதற்கு அவரிடம் அது ஒன்றுதான் அளவுகோல்.

இதெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லாமல் போயிருக்கும், மச்சினன் தனசேகர் படம் எடுக்காமல் இருந்திருந்தால்.

தனசேகர் ஜோதியின் ஒரே தம்பி. பதினாலு வருடமாக உதவி இயக்குநர். பம்மலில் அம்மா வீட்டிலிருந்து கிளம்பி, வடபழனிக்கும் சாலிகிராமத்துக்கும் அலைந்து, முடி கொட்டி, முப்பத்தெட்டு வயது வரை கல்யாணம் ஆகாமல் இருந்தவன். சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் "வேற வேல பாருப்பா" என்று சொன்னபோது, சொல்லாத ஒரே ஆள் சம்பத். அவருக்கு அதைச் சொல்லவும் சோர்வாக இருந்தது என்பதுதான் உண்மை. தனசேகர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். "எங்க மாமா வாரத்துக்கு மூணு படம் பாக்குறவரு. குடும்பத்துல அவரு ஒருத்தருக்குத்தான் சினிமா தெரியும்" என்று எல்லாரிடமும் சொன்னான். கதையை ஒரு காலை நேரத்தில் இரண்டு மணி நேரம் போனிலேயே சொன்னான். முடிவில் "எப்படி மாமா?" என்று கேட்டபோது, "நல்லா வரும் தனா, எடு" என்றார் சம்பத்.

எடுத்துவிட்டான். பெரிய நடிகர்கள் இல்லை, பாட்டு ஒன்றுகூட இல்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பஞ்சாயத்தில் குடிநீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டுவிடும் ஆளின் கதை. மொத்தம் முப்பது தியேட்டர் கிடைத்தது, அதில் ஒன்று தாம்பரத்துத் தியேட்டர்.

"வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாள்தான் மாமா நமக்கு" என்றான் தனசேகர். "திங்கக்கிழம கூட்டம் இல்லன்னா தூக்கிருவாங்க. நீங்க முத ஷோ வந்துருங்க. பாத்துட்டு உண்மையச் சொல்லணும். மத்தவன்லாம் என் மூஞ்சிக்காகப் பொய் சொல்லுவான். உங்க கருத்துதான் எனக்கு முக்கியம்."

சம்பத் வியாழன் இரவு லீவு கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை வேனை விட்டு இறங்கியதும் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் இரண்டு டீ அடித்தார். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார். வழக்கமான கடைசி வரிசை வேண்டாம் என்று நடு வரிசையில், தலை சாய்க்க வசதியில்லாத ஓரத்து இருக்கையில் போய் உட்கார்ந்தார். தியேட்டரில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். 'எழுத்து, இயக்கம்: தனசேகர்' என்று திரையில் வந்தபோது எழுந்து நின்று கை தட்டினார். கண்ணில் நீர்கூட வந்தது.

பிறகு உட்கார்ந்தார். திரையில் விடியற்காலை. ஒரு குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று மட்டும் உஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. பின்னணி இசை இல்லை. வசனம் இல்லை. காற்றுதான் வந்துகொண்டேயிருந்தது.

துடைப்பத்தோடு வந்த அம்மா தோளைத் தட்டியபோது படம் முடிந்திருந்தது.

வெளியே வந்தவருக்கு வெயிலில் கண் கூசியது. தூக்கம் முழுதாகக் கலையவில்லை. உடம்பெல்லாம் பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. கேட் அருகே ஒரு பெண் மைக்கை நீட்டினாள். பின்னால் ஒருவன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சார், படம் எப்படி இருக்கு சார்?"

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றார் சம்பத் மனதார. "நல்லா தூங்கினேன்."

"தூங்கினீங்களா?"

"ஆமாம்மா. இப்படித் தூங்கி எவ்ளோ நாளாச்சு! டமால் டுமீல்னு ஒண்ணும் கெடையாது. ஒரு சத்தம் இல்ல. நைட் ஷிப்ட் போறவங்க எல்லாரும் கண்டிப்பா வரணும்."

அவர் அளவுகோலின்படி இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அது தன் அளவுகோல் மட்டும்தான் என்பது, ஷேர் ஆட்டோ கேம்ப் ரோடு தாண்டும்போதுதான் அவருக்கு உறைத்தது. அப்போதும், நம் மூஞ்சியை எவன் பார்க்கப் போகிறான் என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோவை மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். அவர் வாயைத் திறக்கும் இடத்தில் யாரோ தாலாட்டு இசையைச் சேர்த்திருந்தார்கள். இன்னொருவன் அவர் தலையில் ஒரு தலையணையை வரைந்திருந்தான்.

ஜோதி போனை அவர் முன்னால் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது.

"பதினாலு வருஷம்ங்க" என்றாள். "ஊர்ல இருக்கிறவன் சொன்னாப் பரவாயில்ல. நீங்க சொல்றீங்க."

"நல்லாருக்குன்னுதான் ஜோதி சொன்னேன்..."

"மூணு லட்சம் பேருக்கு அப்படிக் கேக்கல. அவன் போன எடுக்க மாட்டேன்றான். அம்மா அழுவுறாங்க. போங்க, வேலைக்கு நேரமாச்சு."

வேனில் ஏறியதும் முதாசிர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அண்ணா, செம்ம! நம்ம ஷிப்ட் குரூப்ல போட்டுட்டேன். கேப் ஓட்டுற பசங்க குரூப்லயும் போட்டுட்டேன். திங்கக்கிழம எல்லாரும் தூங்க வர்றாங்கண்ணா. நீ சொன்னா கரெக்டா இருக்கும்ல."

"டேய், அது என் மச்சினன் படம்டா."

முதாசிர் கையை விட்டான்.

சனிக்கிழமை ஏழு முறை போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை நாலு முறை. தனசேகர் எடுக்கவில்லை. ஞாயிறு இரவு வேலைக்குக் கிளம்பும்போது அவனிடமிருந்து ஒரு செய்தி மட்டும் வந்தது: 'நாளை பத்தரை ஷோவுக்கு வரவும். மேனேஜர் பேச வேண்டுமாம்.' மாமா என்ற வார்த்தை அதில் இல்லை.

திங்கட்கிழமை அவர் தியேட்டருக்குப் போய்ச் சேரும்போது பத்து மணி. தனசேகர் டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். நாலு நாள் தாடி. அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினான், அவ்வளவுதான்.

"தனா..."

"உள்ள வாங்க."

மேனேஜர் ஜெயக்கொடி குள்ளமான, உற்சாகமான மனிதர். இரண்டு வருடமாக சம்பத்தைக் கடைசி வரிசையில் பார்த்துப் பழகியவர். "வாங்க சார், வாங்க! நீங்க வேற லெவல் சார்!" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பிறகு தனசேகரிடம் திரும்பினார். "டைரக்டர் சார், ஓப்பனா சொல்லிடுறேன். சனி ஞாயிறு ரெண்டு நாள்லயும் சேத்து நாப்பது பேர்கூட வரல. இன்னியோட தூக்கிட்டு நாளிக்கு வேற படம் போடலாம்னுதான் இருந்தேன். ஆனா இன்னிக்குப் பாருங்க, காலீலயே அறுபத்தஞ்சு டிக்கெட் போயிருக்குது. அத்தினி பேரும் நைட் டூட்டி பாத்துட்டு வந்த பசங்க. ஒருத்தன் கழுத்துத் தலாணியோட வந்துகீறான் சார்!"

தனசேகர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரே ஒரு ரிக்வெஸ்ட். படத்துல மோட்டார் ஓடுற சீன்லாம் சவுண்டு கொஞ்சம் தூக்கலா கீதுன்றாங்க. வால்யூம பாதியா கொறச்சுக்கினா, இந்தக் கூட்டத்த வச்சே பத்தரை ஷோவ ஒரு வாரம் இழுத்துரலாம். ஒரு வாரம் ஓடுச்சுன்னா பேப்பர்ல போட்டுக்கலாம், ஓடிடி காரன்கிட்ட பேசலாம். இன்னா சொல்றீங்க?"

தனசேகர் மெல்ல நிமிர்ந்து சம்பத்தைப் பார்த்தான்.

"இவரக் கேளுங்க சார். இவருதான் இதுல எக்ஸ்பர்ட்டு" என்றான். "அந்த மோட்டார் சவுண்டுக்கு நாலு மாசம் அலைஞ்சேன். ஊர் ஊராப் போய் ரெக்கார்ட் பண்ணேன். கொறச்சுரலாமா மாமா? சொல்லுங்க. உங்க கருத்துதான் முக்கியம்னு அன்னிக்கே சொன்னேன்ல."

குத்தலாகத்தான் சொன்னான். ஆனால் சொல்லி முடித்த பிறகும் கண்ணை எடுக்கவில்லை. நிஜமாகவே கேட்கிறான் என்று சம்பத்துக்குப் புரிந்தது. தனியாக முடிவெடுக்கும் தெம்பு அவனிடம் மிச்சமில்லை.

சம்பத்துக்குக் கால் வலித்தது. கண்ணுக்குள் மணல் போட்டது மாதிரி இருந்தது. பாதிச் சத்தத்தில் ஒரு தியேட்டர், ஏ.சி., இருட்டு, அதுவும் ஒரு வாரத்துக்கு. அவர் வாழ்க்கையில் இதைவிட நல்ல செய்தியை யாரும் கொண்டுவந்ததில்லை.

"ஜெயக்கொடி சார்" என்றார். "ரெண்டு வருஷமா உங்க தியேட்டர்ல நான் ஒரு படம் பாத்ததில்ல. தூங்கத்தான் வர்றேன். உங்களுக்கே தெரியும்."

"தெரியும் சார். நம்ம கஸ்டமர் நீங்க."

"நான் ஒரு நாளாவது சத்தத்தக் கொறைங்கன்னு கேட்டிருக்கேனா? தூங்குறது என் தலையெழுத்து. அதுக்காகப் படத்தக் கொறைக்கச் சொல்றது நியாயமில்ல." தனசேகரிடம் திரும்பினார். "இதான் தனா என் கருத்து. இதுல எனக்குக் கொஞ்சம் நஷ்டம்தான்."

தனசேகர் அவரையே பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இருந்தது. அதற்கு அடியில் ஒரு குழப்பமும் இருந்தது. "ரெண்டு வருஷமா... ஒரு படம்கூட?"

"ஒண்ணுகூட."

"அப்போ நான் கத சொன்னப்ப?"

சம்பத் தலையைக் குனிந்துகொண்டார். "நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்த நேரம்ப்பா. அஞ்சு நிமிஷம் கேட்டேன். அப்புறம் நீ 'எப்படி மாமா'ன்னு கத்துனப்பதான் முழிச்சேன்."

ஜெயக்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். தனசேகர் சிரிக்கவில்லை. "சவுண்டக் கொறைக்க வேணாம் சார்" என்றான். "நான் மிக்ஸ் பண்ண லெவல்லயே ஓடட்டும். ஒரு ஷோதான்னா ஒரு ஷோ."

"சார், நல்லா யோசிச்சு..."

"யோசிச்சுட்டேன் சார்."

காட்சி தொடங்கியது. சம்பத் உட்காரவில்லை. உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். கடைசி வரிசைக்குப் பின்னால், கதவோரச் சுவரில், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார். தனசேகர் பத்தடி தள்ளி நின்றான்.

முதல் பத்து நிமிடத்திலேயே அரங்கம் முழுக்கத் தலைகள் சாய்ந்தன. பிறகு திரையில் அந்த ஆள் பம்ப் ரூமுக்குள் போய் சுவிட்சைப் போட்டான். மோட்டார் பிடித்தது. தரை அதிர்ந்தது. ஜெனரேட்டர் அறையிலேயே காலம் தள்ளியவர் என்பதால்தான் வெள்ளிக்கிழமை சம்பத்தை இந்தச் சத்தம் எழுப்பவில்லை. "அட இன்னாப்பா இது!" என்று நடுவிலிருந்து ஒரு குரல். கழுத்துத் தலையணைக்காரன் எழுந்து உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்தான். இன்னொருவன் முனகிக்கொண்டே எழுந்து வெளியே போனான். அவன் பின்னால் மூன்று பேர். இடைவேளைக்குள் பாதிப் பேருக்கு மேல் போய்விட்டார்கள். போகிறவர்கள் ஒவ்வொருவரும் கதவைத் திறக்கும்போது ஒரு பட்டை வெளிச்சம் தனசேகரின் முகத்தில் விழுந்து மறைந்தது. அவன் அசையவில்லை.

சம்பத்துக்கு முழங்கால் மடங்கியது. தொடையைக் கிள்ளிக்கொண்டார். இடைவேளையில் முகத்தில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். இருந்தாலும் இரண்டு முறை நின்றபடியே கண் இருண்டு, நெற்றி சுவரில் இடித்தது. ஆனால் பார்த்தார். அந்த ஆளின் மனைவி சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனதைப் பார்த்தார். அவன் அதன் பிறகும் தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு ஊருக்குத் தண்ணீர் விட்டதைப் பார்த்தார். தண்ணீர் போகும் குழாயில் காதை வைத்து, எந்தத் தெருவில் எந்த வீட்டில் குழாயைத் திறந்திருக்கிறார்கள் என்று அவன் சொன்னபோது, சம்பத்துக்கு உடம்பு சிலிர்த்தது. முப்பது வருடம் மிஷினோடு இருந்தவர் அவர். அது பொய்யில்லை என்று அவருக்குத் தெரியும்.

விளக்குப் போட்டபோது பதினோரு பேர் இருந்தார்கள். அதில் ஐந்து பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஜெயக்கொடி வாசலில் நின்று, "நாளீலேர்ந்து வேற படம் சார், மன்னிச்சுக்கோங்க" என்று தனசேகரின் கையைப் பிடித்தார். அவன் "பரவால்ல சார்" என்றான். அதற்குள் போஸ்டர் ஒட்டுபவர் பசை வாளியோடு வந்துவிட்டார். இருவரும் அவருக்கு வழிவிட்டு வெளியே வந்தார்கள்.

ரோட்டைத் தாண்டி ஒரு டீக்கடை இருந்தது. தனசேகர்தான் முதலில் அந்தப் பக்கம் நடந்தான். இரண்டு டீ சொன்னான். ஒரு கிளாஸை அவர் கையில் கொடுத்துவிட்டு, எங்கோ பார்த்தபடி கேட்டான்:

"இப்ப முழுசா பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"எப்படி?"

முதல் பாதி பரவாயில்லை என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. சம்பத் அதை டீயோடு விழுங்கினார்.

"ஒண்ணு சொல்லுவேன், கோச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"அந்த ஆளு மோட்டார் சுவிட்சப் போட்டுட்டு டக்குனு திரும்பி வெளிய வந்துர்றான். ஒரு எடத்துல இல்ல, படம் முழுக்க அப்படித்தான் வர்றான். வேல தெரிஞ்ச எவனும் அப்படி வர மாட்டான் தனா. போட்டதும் ஒரு அர நிமிஷம் நிப்பான். சத்தம் ஒரு நெதானத்துக்கு வர வரைக்கும் நிப்பான். அப்புறம்தான் வெளிய வருவான். குழாயில காத வெக்கிற ஆளு, மோட்டார் சத்தத்தக் கேக்காமப் போவானா? அத மட்டும் என்னால ஒத்துக்க முடியல."

தனசேகர் டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான். நெற்றி சுருங்கியது. மூன்று நாளில் எத்தனையோ பேர் அவனிடம் படத்தைப் பற்றிப் பேசியிருப்பார்கள். பாராட்டியிருப்பார்கள், திட்டியிருப்பார்கள், தாலாட்டுப் பாடியிருப்பார்கள்.

"ஷூட்டிங்ல அந்த ஷாட்டு நீளமா இருந்துச்சு" என்றான் மெதுவாக. "அவரு நின்னுக்கினுதான் இருந்தாரு. நிஜ ஆபரேட்டர் ஒருத்தரு சொல்லிக் குடுத்து நின்னாரு. இழுவையா இருக்கும்னு எடிட்டிங்ல நான்தான் வெட்டினேன்."

"வெட்டியிருக்கக் கூடாது."

"ம்."

சம்பத்துக்கு நின்ற இடத்திலேயே கண் செருகியது. தனசேகர் கடைக்கு வெளியே கிடந்த பெஞ்சிலிருந்து செய்தித்தாளை எடுத்துவிட்டு, அவர் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தான். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"தூங்கிறாதீங்க மாமா" என்றான். "வேற என்ன தோணுச்சு? சொல்லுங்க."